எஞ்சினுக்குள் ஊர் இல்லை

“கேம் பண்ணணும்னா சென்னைக்குப் போ, இல்லாட்டி பெங்களூருக்குப் போ. கிராபிக்ஸ் கார்டு போட்ட நல்ல கம்ப்யூட்டர் வாங்கு. யூனிட்டியோ அன்ரியலோ ஏதாவது ஒரு எஞ்சினைக் கத்துக்கோ. மிச்சமெல்லாம் தானா வந்துடும்.”

திருவண்ணாமலையில் பிளஸ் டூ முடித்த பிள்ளை, பையனோ பெண்ணோ, வீடியோ கேம் செய்யக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் கிடைக்கிற அறிவுரை இது. (இதற்கு முன்னால் “என்னது, ரம்மியா?” என்றொரு கட்டம் உண்டு. அதைத் தாண்டிவிட்ட வீடுகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.) மாமா சொல்கிறார், கல்லூரி ஆசிரியர் சொல்கிறார், பயிற்சி நிலையத்தின் துண்டறிக்கை சொல்கிறது, யூடியூபில் தமிழில் பாடம் நடத்துகிறவர்களும் சொல்கிறார்கள்.

அறிவுரையில் பாதி நியாயமானதுதான். எஞ்சின் என்பது திரையில் படம் வரைவது, ஒலி எழுப்புவது, விசைப்பலகையின் தட்டல்களை வாங்குவது, ஒரு பொருள் இன்னொன்றில் மோதியதா என்று பார்ப்பது ஆகிய வேலைகளை முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் மென்பொருள். இதையெல்லாம் முதலிலிருந்து தானே எழுதுவேன் என்று ஒரு தொடக்கக்காரர் அடம்பிடித்தால் இரண்டு வருடம் போகும், விளையாட்டு வராது. படம் வரைபவர்களுக்கும் அனிமேஷன் செய்பவர்களுக்கும் நகரத்துப் பயிற்சியால் பலன் உண்டு. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. “மிச்சமெல்லாம் தானா வந்துடும்” என்ற அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. சிமுலேஷன் விளையாட்டில் அந்த மிச்சம்தான் மொத்தச் சரக்கும்.

ஒரு நகரத்தை நடத்துவது, பண்ணை வைப்பது, ரயில் விடுவது, தொழிற்சாலை கட்டுவது: இந்த வகை விளையாட்டில் ஆடுகிறவர் கை வைக்காவிட்டாலும் உள்ளே ஏதோ ஒன்று தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நெல் விளையும், சாலை அடைபடும், பஞ்சம் வரும். அந்த ஓட்டத்துக்கான விதிகளை எழுதுவதுதான் சிமுலேஷன் அமைப்பது. எஞ்சினுக்குத் தெரிந்த இயற்பியல், மாடியிலிருந்து பூந்தொட்டி விழுகிற இயற்பியல். யூனிட்டி அதை வழக்கமான அமைப்பில் நொடிக்கு 50 முறை, 0.02 நொடிக்கு ஒரு தடவை, சலிக்காமல் கணக்கிடும். தொட்டி அச்சு அசலாக உடையும். ஆனால் நடந்துகொண்டிருக்கும் ஒருவர் டீக்கடையைப் பார்த்ததும் ஏன் ஒதுங்குகிறார், பாட்டி பின்தங்கிவிட்டாள் என்று ஒரு குடும்பமே ஏன் நடுப்பாதையில் நின்றுவிடுகிறது, பின்னால் வருபவர்கள் எந்தப் பக்கம் விலகுவார்கள் என்பதெல்லாம் எந்த எஞ்சினிலும் இல்லை. அவற்றைக் கற்றுக்கொடுக்காமல் எஞ்சின் பொத்தான்களை மட்டும் சொல்லிக்கொடுப்பது, வீடு கட்டக் கற்க வந்தவனிடம் வெள்ளையடிக்கும் மட்டையைக் கொடுத்து அனுப்புவதற்குச் சமம்.

இந்தத் துறையின் வரலாறும் அந்த அறிவுரைக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. 1989-இல் வந்த சிம்சிட்டியை உருவாக்கிய வில் ரைட், அதற்கு முன் செய்தது ஒரு ஹெலிகாப்டர் சண்டை விளையாட்டு. குண்டு போடுவதைவிட, குண்டு போடுவதற்கான தீவுகளையும் ஊர்களையும் வரைவதே அவருக்கு அதிக சுவாரசியமாக இருந்தது. அந்த ஊர்களை உயிரோடு ஓடவைக்க அவர் தேடிப் படித்தது வரைகலைப் புத்தகத்தை அல்ல. ஜே ஃபாரஸ்டர் 1969-இல் வெளியிட்ட ‘அர்பன் டைனமிக்ஸ்’ என்ற நூலை. ஒரு நகரத்தில் வீடும் வேலையும் மக்கள்தொகையும் ஒன்றையொன்று எப்படி ஏற்றி இறக்குகின்றன என்பதைக் கணினிக் கணக்காக எழுதிக் காட்டிய நூல் அது. பத்தாண்டு கழித்து, 1999-இல், கேளிக்கைப் பூங்கா நடத்தும் ரோலர்கோஸ்டர் டைகூன் வந்தது. கிறிஸ் சாயர் அதன் நிரலில் ஏறக்குறைய முழுவதையும் கணினியின் அடிமட்ட மொழியான அசெம்பிளியிலேயே, ஒற்றை ஆளாக எழுதினார்.

இவற்றையெல்லாம் விட டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்ஸின் கதை முக்கியமானது. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற டார்ன் ஆடம்ஸ் தன் அண்ணன் ஸாக்குடன் சேர்ந்து 2006-இல் வெளியிட்ட, குள்ளர்களின் கோட்டையை நடத்தும் விளையாட்டு. படம் என்று எதுவும் கிடையாது. திரை முழுக்க எழுத்தும் குறியும்தான். பூனை என்றால் ஒரு எழுத்து, அவ்வளவுதான். 2012-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. படங்களோடு கூடிய விற்பனைப் பதிப்பு வந்ததோ 2022 டிசம்பரில். அந்த விளையாட்டில் ஒருமுறை பூனைகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்ததில், சாராயக்கடையில் குள்ளர்கள் சிந்திய மது தரையில் தேங்கி, அதில் நடந்த பூனைகளின் பாதத்தில் ஒட்டி, பூனைகள் வழக்கம்போல் பாதத்தை நக்கிச் சுத்தம் செய்தபோது போதை தலைக்கேறிச் செத்திருக்கின்றன. பூனை குடித்துச் சாக வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சிந்துவதற்கு ஒரு விதி, ஒட்டுவதற்கு ஒரு விதி, நக்குவதற்கு ஒரு விதி தனித்தனியாக இருந்தன. ஒவ்வொரு நக்கலிலும் எவ்வளவு மது உள்ளே போகிறது என்ற எண் மட்டும் அளவுக்கு மிஞ்சிவிட்டது. இந்தத் தொழிலின் இன்பமும் இம்சையும் அந்த ஒரு சம்பவத்தில் அடங்கிவிடுகிறது.

சரி, ஊருக்கு வருவோம். சிமுலேஷன் கற்க வெளியூர் போகச் சொல்கிறவர்கள், தங்கள் காலடியில் மாதம் ஒருமுறை என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறார்களா? பௌர்ணமிக்குப் பௌர்ணமி, மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் ஒரே திசையில், வலமாக, இரவு முழுக்க நடக்கிறார்கள். எட்டு லிங்கங்கள், ஆசிரமங்கள், அன்னதானப் பந்தல்கள், சோளம் சுடும் தள்ளுவண்டிகள், புறநகர்ச் சாலைகளில் முளைக்கும் தற்காலிகப் பேருந்து நிலையங்கள். கூட்ட நெரிசலை ஆராயும் ஒருவர் வரம் கேட்டு வாங்க வேண்டிய களம் இது.

கணினியைத் திறக்க வேண்டாம்; ஒரு கோடு போட்ட நோட்டு போதும். மணிக்கு 20,000 பேர் பாதையில் சேர்கிறார்கள், ஒருவர் சுற்றி முடிக்கச் சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எந்த நேரத்திலும் பாதையில் இருப்பவர்கள் 20,000 பெருக்கல் 5, ஒரு லட்சம். வரும் வேகத்தை இருக்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருப்பவர் எண்ணிக்கை கிடைக்கும் என்ற இந்த விதியை 1961-இல் ஜான் லிட்டில் நிறுவினார். வங்கி வரிசைக்கும் இதுதான், ஆஸ்பத்திரிக்கும் இதுதான். நடக்க 8 மீட்டர் அகலம் இருப்பதாகக் கொண்டால் மொத்தப் பரப்பு 1,12,000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஓர் ஆள்கூட இல்லை. தாராளமாக இருக்கிறதே என்று தோன்றும். அக்னிலிங்கத்தின் முன்னால் பௌர்ணமி இரவு நின்றவர்களிடம் இந்தச் சராசரியைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். சராசரி ஏன் பொய் சொல்கிறது என்று கேட்கத் தொடங்கும் இடத்தில் சிமுலேஷன் பிறக்கிறது.

குபேரலிங்கத்தின் பக்கம் இருக்கும் இடுக்குப் பிள்ளையாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆள் ஒருக்களித்துத் தவழ்ந்து வெளியே வருகிற அளவே உள்ள இடுக்கு. சிறுவன் ஐந்து நொடியில் பாம்புபோல் வெளியே வந்துவிடுவான். கொஞ்சம் பருத்த உடம்புக்காரர் பாதியில் மூச்சுவாங்கி நிற்பார்; வெளியே இருப்பவர்கள் “கையை முன்னால நீட்டுங்கண்ணே, தோளைச் சாய்ங்க” என்று யோசனை சொல்வார்கள்; அவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். சராசரி 20 நொடி என்று கொள்வோம்: மணிக்கு 180 பேர். கடந்து போகும் 20,000 பேரில் ஐம்பதில் ஒருவர் நுழைய ஆசைப்பட்டாலும் மணிக்கு 400 பேர் வந்து நிற்கிறார்கள். மணிக்கு 220 பேர் மிஞ்சுகிறார்கள், ஐந்து மணி நேரத்தில் 1,100 பேர். ஆளுக்கு அரை மீட்டர் என்றால் 550 மீட்டர் வரிசை. அந்த வரிசை எங்கே நிற்கும்? நடக்கும் பாதையில். அது பாதையின் அகலத்தைத் தின்னும், பின்னால் வருபவர்களின் வேகம் குறையும், 5 மணி நேரம் 6 ஆகும், அப்போது பாதையில் இருப்பவர்கள் ஒரு லட்சத்திலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரமாக ஏறுவார்கள். ஒரு சிறிய இடுக்கு பதினான்கு கிலோமீட்டரையும் தொட்டுவிட்டது. ஆடுகிறவருக்கு இங்கே வேலை வருகிறது: வரிசைக்குத் தடுப்புக் கட்டுவதா, முன்னால் இருக்கும் அன்னதானப் பந்தலைத் தள்ளி வைப்பதா, பேருந்துகளை அரை மணி தாமதமாக விடுவதா? விளையாட்டு என்பது இந்தத் தேர்வுகள்தான்.

இதை நிரலாக எழுத உட்கார்ந்தால் அடுத்த பாடம் தானே வரும். பாதையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, “முன்கட்டம் காலியாக இருந்தால் நகரு” என்ற ஒரே விதியைப் போடுங்கள். பின்னால் நிற்பவரிலிருந்து கணக்கிட்டால், முன்னவர் இன்னும் நகராததால் பெரும்பாலோர் அப்படியே நிற்பார்கள். முன்னால் நிற்பவரிலிருந்து கணக்கிட்டால் எல்லோரும் சேர்ந்து நகர்வார்கள். விதி ஒன்று, கூட்டம் இரண்டு. போதாக்குறைக்குக் கிரிவலப் பாதை ஒரு வட்டம். அதில் யார் முன், யார் பின்? அதனால் பழைய நிலையை ஒரு பட்டியலில் அப்படியே வைத்துக்கொண்டு, புதிய நிலையை வேறொரு பட்டியலில் எழுதி, எல்லாம் முடிந்த பிறகு மாற்றிக்கொள்வார்கள். எஞ்சினின் விளக்கப் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் இந்தச் சிக்கல் ஏன் வருகிறது என்பது புரியாது. வட்டத்தை நடந்தவனுக்குச் சட்டென்று புரியும்.

வட்டப் பாதைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1992-இல் நாகல், ஷ்ரெக்கன்பெர்க் என்ற இருவர் நெடுஞ்சாலைப் போக்குவரத்துக்கு நாலே நாலு விதிகளில் ஒரு கணக்கு எழுதினார்கள்: வேகம் கூட்டு, முன்னால் இடமில்லாவிட்டால் குறை, அவ்வப்போது காரணமில்லாமல் கொஞ்சம் தயங்கு, பிறகு நகரு. அந்த மூன்றாவது விதி இருப்பதால், எந்த விபத்தும் இல்லாமலே நெரிசல் தானாகத் தோன்றிப் பின்னோக்கி நகர்ந்தது. ஜப்பானில் உண்மையான கார்களை வைத்தே இதைச் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள்: 230 மீட்டர் வட்டத்தில் 22 கார்கள், ஒரே வேகத்தில் போகச் சொன்னார்கள், சிறிது நேரத்திலேயே நெரிசல் அலை எழுந்தது. மனிதர்கள் கார்கள் அல்ல. முந்துவார்கள், கைகோத்து நடப்பார்கள், செருப்பில்லாத காலில் கல் குத்தினால் சாலையோரம் ஒதுங்குவார்கள். ஆகவே அந்த நாலு விதியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்ற வாதம்தான் படிப்பு.

நம்பிக்கையும் ஒரு விதிதான் என்பதை வேறெந்த ஊரும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. கார்த்திகை மாதச் சிவராத்திரியன்று குபேரனே கிரிவலம் வருவதாக நம்பி, மாலையில் குபேரலிங்கத்தை வணங்கி அங்கிருந்து நடக்கத் தொடங்குகிறார்கள். அன்று பௌர்ணமி இல்லை, பாதை மாறவில்லை, அகலம் மாறவில்லை. தொடங்கும் இடமும் நேரமும் மட்டும் மாறுகின்றன. நெரிசலின் வரைபடமே வேறாகிவிடுகிறது.

கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்குத் தண்ணீர் இருக்கிறது. மாவட்டத்தின் சாத்தனூர் அணை, தென்பெண்ணையின் குறுக்கே: முழு உயரம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. ஃபெஞ்சல் புயல் மழையின்போது, 2024 டிசம்பர் 2 அன்று, நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் பல பகுதிகள் மூழ்கின. அரசியல் சண்டையை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் பாருங்கள். நொடிக்கு 1.68 லட்சம் என்றால் மணிக்குச் சுமார் 605 மில்லியன் கன அடி. நிரம்பிய அணை முழுவதுமே பன்னிரண்டு மணி நேரக் கையிருப்புதான். இப்போது ஒருவர் அணை விளையாட்டு செய்கிறார், வழக்கம்போல் “ஒரு சுற்று என்றால் ஒரு நாள்” என்று வைக்கிறார். அவருடைய அணை ஒரே சுற்றுக்குள் காலியிலிருந்து நிரம்பி, வழிந்து, அதற்கு மேலும் இன்னோர் அணைத் தண்ணீர் எங்கே போனது என்று தெரியாமல் நிற்கும். ஆடுகிறவர் ஷட்டரைத் தொடுவதற்கே சந்தர்ப்பம் இல்லை. வறட்சிக்கால விளையாட்டுக்கு ஒரு நாள் சரி. வெள்ளத்துக்குப் பத்து நிமிடமும் அதிகமாக இருக்கலாம். காலத்தை எந்த அளவில் வெட்டுவது என்பது முதல் நாளே எடுக்க வேண்டிய முடிவு. அந்த 0.02 நொடி பூந்தொட்டிக்கு வைத்த அளவு. அதை அணைக்கு வைத்தால் பருவமழை முடிவதற்குள் ஆடுகிறவர் தூங்கிவிடுவார்.

இதற்கு எதிர்த்தரப்பு சொல்லும் பதில் எனக்குத் தெரியும்: “அதெல்லாம் பழைய காலம். இப்போது கணினிக்குச் சக்தி இருக்கிறது. லட்சம் பேரையும் தனித்தனி ஆளாகவே ஓட்டிவிடலாம், தானாகவே நிஜமாகிவிடும்.” அப்படித்தான் 2013-இல் புதிய சிம்சிட்டியை வெளியிட்டார்கள். பெரிய நிறுவனம், கொட்டிய பணம், கிளாஸ்பாக்ஸ் என்று பெயர் சூட்டிய சொந்த எஞ்சின். ஒவ்வொரு மனிதரும் சாலையில் தனித்தனியாக நடந்தார். ஆட ஆரம்பித்தவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள்: காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் எந்த வேலை பக்கத்தில் காலியாக இருக்கிறதோ அதில் நுழைகிறார்; மாலையில் எந்த வீடு காலியாக இருக்கிறதோ அதில் போய்ப் படுக்கிறார். தன் வீடு, தன் வேலை என்று அவருக்கு எதுவுமே இல்லை. 1989-இன் சிம்சிட்டியில் தனி மனிதரே கிடையாது. கட்டங்களும் எண்களும்தான் இருந்தன. ஆனாலும் அதில் இருந்த நகரம் நம்பும்படி இருந்தது, ஏனென்றால் எதை விட்டுவிடுகிறோம் என்று தெரிந்து விட்டிருந்தார்கள். ஆட்களைக் கூட்டுவது சுலபம். அந்த ஆளுக்கு ஒரு வீடு உண்டு என்று நினைவு வைப்பதுதான் கஷ்டம்.

வேலைவாய்ப்பு என்ற பிரம்மாஸ்திரம் மிச்சம் இருக்கிறது. “நிறுவனங்கள் எஞ்சின் தெரியுமா என்றுதானே கேட்கின்றன?” கேட்கின்றன. எஞ்சினைக் கற்றுக்கொள்ளுங்கள்; வேண்டாம் என்று யார் சொன்னது? கிரிவலக் கூட்டத்தை எண்களாக ஓட்டிப் பார்த்த ஒருவர், அதைக் காடோ எஞ்சினிலோ யூனிட்டியிலோ படமாக்கச் சில மாதங்கள் போதும். தலைகீழாக வருகிறவருக்கு அந்த வசதி இல்லை. மரம் வைத்து, புல் வைத்து, சூரிய ஒளி விழவைத்து அழகான தெரு ஒன்றைச் செய்துவிட்டு, “இதுல என்ன நடக்கணும்?” என்று கேட்கிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். வரிசையாக நிற்கும் ஆட்களில் ஒருவர்கூட எங்கேயும் போவதில்லை, ஏனென்றால் போவதற்கு அவர்களுக்குக் காரணம் எழுதப்படவில்லை.

இயந்திரம் இல்லை என்பதும் சாக்கு. 2011-இலிருந்து மாணவர்களுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகளில் எத்தனையோ இன்னும் பரணில் கிடக்கின்றன. 1999-இல் யூரி விலென்ஸ்கி உருவாக்கிய நெட்லோகோ என்ற சிமுலேஷன் மென்பொருள் இலவசம். கூட்டம், காட்டுத்தீ, எறும்புப் புற்று என்று மாதிரிகள் அதிலேயே நிறைய இருக்கின்றன. காடோ எஞ்சின் 2014-இலிருந்து திறந்த மூலம். பத்தாயிரம் கட்டங்களை ஓட்ட கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. நிஜமான குறைகள் வேறு: நல்ல விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன, செய்ததைப் பார்த்து “இது தப்புடா தம்பி” என்று சொல்ல இங்கே ஆள் குறைவு. சென்னைக்குப் போவதற்கு உருப்படியான காரணம் ஒன்று இருந்தால் அது இதுதான். துண்டறிக்கையில் ஆய்வக வசதி முதல் பக்கத்தில் இருக்கும், இதை எந்தப் பக்கத்திலும் பார்க்க முடியாது. “இப்போ ஏஐயே நிரல் எழுதித் தருதே” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வரிசை ஒன்றை எழுதச் சொன்னால் அது நொடியில் எழுதித் தரும். 20 நொடியா 40 நொடியா, ஐம்பதில் ஒருவரா நூறில் ஒருவரா என்பதை இடுக்குப் பிள்ளையார் எதிரே நின்று எண்ணி வரவேண்டியது நீங்கள்.

எண்ணுவதற்குப் போகும்போது 550 மீட்டர் என்ற நம் கணக்கையும் கையில் எடுத்துப் போங்கள். வரிசை அவ்வளவு நீளம் இல்லை என்றால் கணக்கைக் கிழித்துப் போட வேண்டாம். வரிசையின் வாலில் நின்று கவனியுங்கள்: சிலர் வருகிறார்கள், எட்டிப் பார்க்கிறார்கள், “அடுத்த பௌர்ணமிக்குப் பாத்துக்கலாம் வாங்க” என்று நடையைக் கட்டுகிறார்கள். எத்தனை பேர் நிற்கும்போது அவர்கள் மனம் மாறுகிறது? முப்பதா, ஐம்பதா? கைக்குழந்தையோடு வருகிறவர்கள் சீக்கிரம் திரும்புகிறார்களா? வெளியூர்க்காரர் நின்றே தீருகிறாரா? அந்த எண்களைக் குறித்துக்கொண்டு வந்து, நிரலில் “நில்” என்ற விதிக்கு முன்னால் இந்த விதியைச் சேர்த்து, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.